மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டர்: வீட்டிலேயே சீர்செய்யும் முறை

கிராம வாழ்க்கையில் ஒரு காலத்தில் மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் இருந்த இடத்தை இன்று மோட்டார் சைக்கிளும் மொப்பெட்டும் பெற்றிருக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் விடியற்காலையில் எந்தச் சாலையைப் பார்த்தாலும் இவ்வுண்மை விளங்கும். பால் கேன்கள், கோழித் தீவன மூட்டைகள், முட்டை அட்டைகள், மரவள்ளிக் கிழங்கு, விசைத்தறிக்கு வேண்டிய நூல் ஆகிய யாவும் இரண்டு சக்கரங்களின் மீதே பயணம் செய்கின்றன. ஆகவே இவ்வண்டி உழைப்பாளியின் ஒரு தொழிற்கருவி. மண்வெட்டியையும் பம்புசெட்டையும் பேணுவதுபோல இதையும் பேணவேண்டியது நமது கடமையாகும்.

இதில் அடங்கியுள்ள பணத்தை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். பால் சேகரிக்கும் ஒருவர் நாள்தோறும் 60 கிலோமீட்டர் ஓட்டுவதாகக் கொள்வோம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தால் அவருக்கு 1.2 லிட்டர் பெட்ரோல் போதும். கார்புரேட்டர் கெட்டு 40 கிலோமீட்டராகக் குறைந்தால் 1.5 லிட்டர் வேண்டும். நாளுக்கு 300 மில்லிலிட்டர்தான் வித்தியாசம். ஆனால் மாதத்தில் அது 9 லிட்டராகிறது. லிட்டர் ஏறத்தாழ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 900 ரூபாய், ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாகிறது. சிறு குடும்பத்துக்கு இது அற்பத் தொகையன்று.

இந்த நஷ்டத்தைக் கண்டவர்கள் இரு வகையாகச் செயல்படுவதைக் கிராமங்களில் காண்கிறோம். இளைஞர்கள் வேகம் வேண்டி ஜெட்டின் துளையைப் பெரிதாக்குகிறார்கள். ஏர் பில்ட்டரைக் கழற்றி எறிகிறார்கள். பெரியவர்கள் சிக்கனம் வேண்டிப் பெட்ரோலை அளவுக்கு மீறிக் குறைக்கச் சொல்கிறார்கள். இரண்டும் எஞ்சினுக்குத் தீங்கு செய்பவை. சரியான வழி நான்கு படிகளைக் கொண்டது: முதலில் அளவு, அடுத்துச் சுத்தம், அதன் பின் திருத்தம், கடைசியில் தேவையானால் மட்டும் மாற்றம். இந்த வரிசையில் செல்பவர்களில் பலருக்கு நான்காவது படிக்குப் போக வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை.

கார்புரேட்டர் செய்யும் வேலை

பெட்ரோல் தனியாக எரியாது. காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு 9,000 லிட்டருக்கு மேற்பட்ட காற்று எஞ்சினுக்குள் சென்றாக வேண்டும். இவ்விரண்டையும் தக்க விகிதத்தில் கலந்து கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை.

குறுகிய கழுத்தின் வழியே காற்று பாயும்போது அதன் வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. இத்தாலிய அறிஞர் வென்சூரி 1797-ஆம் ஆண்டில் இவ்வியல்பை விளக்கினார். ஜெர்மனியைச் சேர்ந்த மைபாக் 1893-இல் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை அமைத்தார். இன்று நமது வண்டியிலுள்ள கார்புரேட்டரும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. கழுத்தில் அழுத்தம் குறைவதால் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலேறிக் காற்றில் தூவப்படுகிறது.

இதன் முக்கிய உறுப்புக்கள் சிலவே. கிண்ணத்தில் பெட்ரோலை ஒரே மட்டத்தில் நிறுத்துவது மிதவை. மிதவை உயர்ந்ததும் வரும் வழியை அடைப்பது ஊசி வால்வு. வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது பெட்ரோல் தருவது ஸ்லோ ஜெட். ஆக்ஸிலேட்டரைப் பாதியளவு திருகும்போது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது ஸ்லைடில் தொங்கும் நீண்ட ஊசி. முக்கால் பங்குக்கு மேல் திருகும்போது ஆதிக்கம் செலுத்துவது மெயின் ஜெட். எந்த நிலையில் கோளாறு தோன்றுகிறது என்று கவனித்தால், எந்த உறுப்பைப் பார்க்கவேண்டும் என்பது தானே விளங்கும்.

பெட்ரோல் மிகுந்த கலவையைக் கனத்த கலவை என்றும், காற்று மிகுந்ததை மெலிந்த கலவை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் கிடையாது. மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. சில வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாடுடைய கார்புரேட்டர் நீடித்தது. இவ்விரு வகைகளையும் வீட்டில் தொடவேண்டாம். ஆனால் அதற்கு முன் வாங்கிய ஸ்பிளெண்டர், எக்ஸ்.எல். சூப்பர், ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகள் நமது கிராமங்களில் இன்னும் ஏராளமாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. இப்பாடம் அவற்றுக்கே உரியது.

முதற்படி: அளவு

வண்டி மைலேஜ் தரவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதை அளந்து பார்த்தவர்களல்லர். டயரில் காற்று குறைந்தாலும், செயின் வறண்டு இறுகியிருந்தாலும், பிரேக் உரசினாலும், கிளட்ச் நழுவினாலும் பெட்ரோல் மிகுதியாகச் செலவாகும். முதலில் இவற்றைச் சரிபார்க்க வேண்டும். சோக் முழுமையாகத் திரும்புகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். சோக் பாதி இழுபட்ட நிலையில் மாதக்கணக்கில் ஓடும் வண்டிகளும் உண்டு.

பிறகு டேங்கை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். வழக்கமான பாதையில், வழக்கமான சுமையுடன் 200 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பங்கில் மறுபடியும் நிரப்பவும். ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியுடன் எழுதி வைக்கவேண்டும். பின்னர் செய்யும் ஒவ்வொரு வேலையின் பலனையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாம் படி: சுத்தம்

நமது சமவெளி தூசி மிகுந்தது. செம்மண் சாலைகள், கல் குவாரிகள், ஓயாத லாரிப் போக்குவரத்து ஆகியவற்றால் எழும் தூசி, மேலே கூறிய 9,000 லிட்டர் காற்றோடு சேர்ந்து வருகிறது. அதைத் தடுப்பது ஏர் பில்ட்டர் ஒன்றே. ஆகவே கார்புரேட்டரைத் திறப்பதற்கு முன் பில்ட்டரைப் பார்ப்பதே அறிவுடைமை. அது அடைபட்டால் கலவை கனக்கும்; வண்டி கரும்புகை விடும். பஞ்சுரப்பர் பில்ட்டரை மண்ணெண்ணெயில் கழுவி, பிழிந்து உலர்த்தி, சிறிது எஞ்சின் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டலாம். காகித பில்ட்டரைக் கழுவக்கூடாது. அதில் எண்ணெய்ப் பிசுக்குள்ள வகையை ஊதவும் கூடாது. குறித்த காலத்தில் புதிது மாற்றுவதே முறை.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்யும் முறை வருமாறு:

1. திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்த பின் வேலையைத் தொடங்கவும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சென்று தொலைவிலுள்ள அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இருக்கலாகாது. குழந்தைகளை அப்புறப்படுத்தவும்.

2. பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் திறந்து பெட்ரோலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடிக்கவும். அடியில் நீர்த்துளிகளோ துருவோ தென்பட்டால், குற்றம் டேங்கில் இருக்கிறது என்று பொருள். டேங்கைச் சுத்தம் செய்யாமல் கார்புரேட்டரை மட்டும் கழுவுவது பயனற்றது.

3. கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒவ்வொரு உறுப்பையும் வெள்ளைத் துணியின் மீது கழற்றிய வரிசையிலேயே வைக்கவும். காற்றுத் திருகைக் கழற்றுமுன், அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடைகிறது என்பதை எழுதிக்கொள்ளவும். இறுக்கினால் அதன் கூர்முனை கெட்டுவிடும்.

4. ஜெட்டுகளைச் சரியான அளவுள்ள திருப்புளியால் மட்டுமே கழற்றவும். அவை பித்தளையாலானவை, தலைப்பள்ளம் எளிதில் சிதையும்.

5. சுத்தமான பெட்ரோலிலோ கார்புரேட்டர் கிளீனரிலோ உறுப்புக்களை ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் துளைகளை ஊதவும். ஊசி, குண்டூசி, இரும்புக் கம்பி எதையும் துளைக்குள் விடக்கூடாது. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் துளை முழு வட்டமாகத் தெரியவேண்டும்.

6. ரப்பர் சவ்வு உள்ள கார்புரேட்டரானால், அச்சவ்வில் பெட்ரோலோ கிளீனரோ படலாகாது. அது ஊதிக் கெட்டுவிடும்.

7. ஊசி வால்வின் முனையில் வளையம்போல் தேய்மானம் இருந்தால் புதிதாக மாற்றவும். வண்டி நிற்கும்போது பெட்ரோல் வழிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மூன்றாம் படி: திருத்தம்

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே திருத்த வேண்டும். மூடிய அறையில் எஞ்சினை ஓடவிடக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கவல்லது.

கலவைத் திருகு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். அது ஏர் பில்ட்டர் பக்கம் இருந்தால் காற்றைக் கட்டுப்படுத்துகிறது; உள்ளே திருகினால் கலவை கனக்கும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்துகிறது; உள்ளே திருகினால் கலவை மெலியும். இவ்வேறுபாட்டை அறியாமல் திருகுவதாலேயே பல வண்டிகள் கெடுகின்றன. தொழிற்சாலையில் முத்திரையிட்டு அடைத்த திருகானால் அதைத் தொடவேண்டாம்.

ஸ்லோ திருகைச் சிறிது கூட்டி வைத்து, கலவைத் திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருகவும். எஞ்சின் எந்த இடத்தில் மிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அதுவே சரியான இடம். பின்பு ஸ்லோ திருகைக் குறைத்து, வண்டி நின்றுபோகாமல் நிதானமாக ஓடும்படி நிறுத்தவும். இவ்வளவே திருத்தம்.

இது சரியாயிருந்தும் நடுவேகத்தில் வண்டி தயங்கினால் ஸ்லைடிலுள்ள ஊசியைப் பார்க்கலாம். பழைய வண்டிகளின் ஊசியில் சில பள்ளங்கள் இருக்கும். கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி உயர்ந்து கலவை கனக்கும். மேலே மாற்றினால் மெலியும். ஒரே பள்ளமுள்ள ஊசிகளில் இவ்வசதி இல்லை.

திருத்தம் சரியா என்பதை ஸ்பார்க் பிளக் கூறும். சில கிலோமீட்டர் ஓட்டி, எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். முனை இளங்காப்பி நிறமாயிருந்தால் கலவை நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் கனத்த கலவை. வெண்மையாக வெளுத்திருந்தால் மெலிந்த கலவை. ஈரப் பிசுக்குடன் கறுத்திருந்தால் கோளாறு கார்புரேட்டரில் இல்லாமல் எஞ்சின் எண்ணெயில் இருக்கலாம். புகைப் பரிசோதனைச் சான்றில் அச்சாகும் கார்பன் மோனாக்சைடு அளவும் ஒரு நல்ல சாட்சியாகும். முந்திய சான்றைவிட அந்த எண் மிகவும் உயர்ந்திருந்தால் கலவை கனத்துவிட்டது என்று அறியலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இக்காலத்தில் கவனிக்க வேண்டிய புதிய விஷயம் ஒன்றுண்டு. பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை நமது நாடு 2022-இல் எட்டியது. 2025-இல் அது 20 விழுக்காடாக உயர்ந்தது. எத்தனாலில் ஆக்ஸிஜன் அடங்கியிருப்பதால் அதை எரிக்கக் குறைந்த காற்றே போதும். 20 விழுக்காடு கலந்த பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 13.5 கிலோ காற்றுத்தான் தேவை. ஆனால் பழைய கார்புரேட்டர் இதை அறியாது. பழைய விகிதத்திலேயே காற்றை விடுகிறது. ஆகவே கலவை மெலிகிறது. காலையில் வண்டி எளிதில் கிளம்பாமை, ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் தயங்குதல், சைலன்சரில் வெடிச்சத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். கலவைத் திருகைக் கால் சுற்றுக் கனத்த பக்கம் திருப்புவதாலும், ஊசியை ஒரு பள்ளம் உயர்த்துவதாலும் பெரும்பாலும் இது சரியாகும்.

எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிடக் குறைவு. ஆதலால் எவ்வளவு திருத்தினாலும் மைலேஜ் சிறிதளவு குறையத்தான் செய்யும். பழைய இருசக்கர வண்டிகளில் இக்குறைவு 3 முதல் 4 விழுக்காடு இருக்கலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கை மதிப்பிட்டது. இவ்வளவு குறைவைக் கண்டு கார்புரேட்டரைக் குறைகூறிப் பெட்ரோலை மேலும் குறைப்பது, மெலிந்த கலவையை மேலும் மெலியச் செய்வதாகும்.

எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. மழைக்காலத்தில் டேங்க் மூடியின் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும். பெட்ரோல் குழாயும் கிண்ணத்தின் ரப்பர் வளையமும் ஊதியோ வெடித்தோ இருந்தால் உடனே மாற்றுவது நலம்.

மலையும் சமவெளியும்

சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சென்றால் கொல்லிமலையில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அடைகிறோம். ஏற்காட்டு உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. காற்று இலேசானால் கலவை கனக்கும், வண்டி மந்தமாகும். இது இயற்கை, கோளாறன்று.

மிளகும் வாழையும் ஏற்றிக்கொண்டு மலைக்கும் சமவெளிக்கும் இடையே சென்று வருபவர்கள் இதை மறக்கலாகாது. மலையில் மந்தமாக இருக்கிறதே என்று அங்கே கலவையை மெலியச் செய்து, அப்படியே நாமக்கல் வெயிலில் சுமையோடு ஓட்டினால் எஞ்சின் கொதிக்கும். இரு பக்கமும் செல்லும் வண்டியைச் சமவெளிக்கேற்றபடி திருத்துவதே பாதுகாப்பு.

செய்யத் தகாதவை

ஜெட்டின் மீது பொறித்திருக்கும் எண் அதன் அளவைக் குறிக்கும். எண் பெரிதானால் பெட்ரோல் மிகுதி. இத்துளை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்கு: 0.80 மில்லிமீட்டர் துளையை 0.88 ஆக்கினால் விட்டம் பத்து விழுக்காடுதான் கூடுகிறது. ஆனால் துளையின் பரப்பு 21 விழுக்காடு கூடிவிடுகிறது. கையால் குடையும்போது அந்த எட்டு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரைக் கண்ணால் காண இயலுமா? குடைந்த ஜெட் மீண்டும் பழைய நிலைக்கு வராது. முழு வேகத்தில் மட்டும் உண்மையாகவே குறையிருந்து, சுத்தமும் திருத்தமும் பயன்தராமற்போனால், அதே வகையில் அடுத்த எண்ணுள்ள புது ஜெட்டை வாங்கி மாட்டலாம். பழையதைப் பத்திரப்படுத்தவும். ஒரு சமயத்தில் ஒரு மாற்றமே செய்யவேண்டும். இல்லையேல் எதனால் பலன் விளைந்தது என்று அறிய முடியாது.

ஏர் பில்ட்டரை நீக்கினால் சத்தம் பெருகும், சத்தம் சக்தியாகாது. தூசி சிலிண்டரை அரைத்துவிடும். பெரிய வண்டியின் கார்புரேட்டரைச் சிறிய எஞ்சினுக்கு மாட்டினால், கழுத்தில் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாகத் தூவப்படாமல் மெதுவேகத்தில் வண்டி திணறும்.

மெலிந்த கலவையின் தீமையே மிகப் பெரியது. அது முதலில் சிக்கனமாகத் தோன்றும். பிறகு எஞ்சினை மிகையாகச் சூடேற்றும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளில், பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. உராய்வு மிகுந்து பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். மாதம் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணியவர் சிலிண்டரையும் பிஸ்டனையும் புதுப்பிக்க ஆயிரக்கணக்கில் செலவிட நேரும். சாலை நடுவே சக்கரம் இறுகினால் உயிருக்கே ஆபத்து.

சட்டத்தையும் நினைவிற்கொள்ள வேண்டும். பதிவுச் சான்றில் கண்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடை செய்கிறது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. சுத்தம் செய்வதும், உரிய அளவுக்குத் திருத்துவதும் பராமரிப்பாகும், அவற்றுக்குத் தடையில்லை.

கற்றுக்கொள்ளும் ஆர்வம்

நமது கொங்கு மண்டலம் யந்திர அறிவுக்குப் பெயர்பெற்றது. கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு இளமையில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு ரட்ஜ் வண்டியை வாங்கினார். அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டியே யந்திரக் கலையைக் கற்றார். நாமக்கல்லின் லாரிக் கூண்டுத் தொழிலும், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணற்று வண்டிகளும் கைப்பழக்கத்தால் வளர்ந்த அறிவின் சான்றுகளே.

அவ்வறிவு ஒவ்வொரு கிராமத்திலும் பரவவேண்டும். இருசக்கர வாகனம் பழுதுபார்த்தலை ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் கட்டணமின்றி, தங்கும் இடத்துடனும் உணவுடனும் கற்பிக்கின்றன. வேலை தேடும் இளைஞர்கள், பெண்கள் உட்பட, இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தேர்ந்த ஒருவர் ஒரு கிராமத்தில் இருந்தால், அவ்வூரின் பல வண்டிகளுக்கு வீணாகும் பெட்ரோல் மிச்சமாகும்.

மைலேஜைக் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம், பொருத்தமான திருப்புளி, சைக்கிள் பம்ப், சுத்தமான துணி ஆகியவை இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையே இவ்வேலையைத் தொடங்கலாம். முதலில் ஏர் பில்ட்டரைத் திறந்து பாருங்கள். பல வீடுகளில் பாதிக் கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும்.